பெயர்ப் பலகை யாருக்குச் சொந்தம்?

நம் மலரில் இசை என்றால் திருவையாறும் மார்கழிக் கச்சேரியும், கொஞ்சம் தாராளமாகப் போனால் எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் என்றுதான் இருந்து வந்திருக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்த இதழில் சில பக்கங்களை ஓர் ஆங்கிலேய ராக் குழுவுக்காக ஒதுக்கித் தருமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன். குழுவின் பெயர் 'டீப் பர்ப்பிள்'. நம் வீட்டுப் பிள்ளைகளில் கிதார் கற்கத் தொடங்கும் யாரும் முதல் வாரத்திலேயே தட்டுத் தடுமாறி வாசித்துப் பார்க்கும் ஒரு நான்கு சுர வரிசை உண்டு. அது இவர்களுடையது. ஆகவே பெயர் தெரியாத வீடுகளுக்குள்ளும் சத்தம் வந்து போயிருக்கும்.

1968ல் தொடங்கிய குழு இது. இன்றும் நடக்கிறது. கொஞ்ச நாள் வந்து உதவியவரையும் சேர்த்தால் பதினைந்து பேர் இதில் வாசித்திருக்கிறார்கள். தொடக்க நாள் முதல் இன்றுவரை இருப்பவர் ஒரே ஒருவர். அப்படியானால் இது அதே குழுதானா, அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்க இவர்களுக்கு உரிமை உண்டா என்று ரசிகர்கள் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டி வருகிறார்கள். உரிமை உண்டு என்பது என் கட்சி. அந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு, அதை அவர்கள் எல்லா நேரமும் கொடுக்கவில்லை என்பதும் என் கட்சிதான்.

டீசல் ஷெட்டில் காலம் தள்ளியவனுக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்கலாம். டிப்ளமோ முடித்து 1979ல் ரயில்வேயில் சேர்ந்து கரக்பூருக்கு வந்தபோது எனக்கு இந்தியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்திய டிரைவர் இருந்தார். நைட் டியூட்டி முடித்து வந்து, குளித்து, ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு, டேப் ரிக்கார்டரில் இவர்களுடைய 'மேட் இன் ஜப்பான்' காசெட்டைப் போடுவார். காலை எட்டு மணிக்குச் சுவர் அதிரும். முதலில் சண்டை போடத்தான் போனேன். 'உட்கார் தம்பி' என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு நாற்காலியைத் தள்ளினார். அப்புறம் வாரத்துக்கு மூன்று நாள் அந்த நாற்காலி எனக்குத்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கேட்கத் தொடங்கியபோது குழு கலைந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இனி கதைக்கு வருகிறேன். இந்தக் குழுவின் கருவே ஆள் மாற்றத்தில் உண்டானது. 'சர்ச்சர்ஸ்' என்ற பழைய குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்ட்டிஸ் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றிற்று. குடைராட்டினம் மாதிரி ஒரு குழு. வாசிப்பவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், ராட்டினம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு 'ரவுண்டபவுட்' என்றே பெயர் வைத்தார். டோனி எட்வர்ட்ஸ் என்ற லண்டன் வியாபாரி பணம் போட முன்வந்தார். ஆர்கன் வாசிக்க ஜான் லார்ட் கிடைத்தார். கிதாருக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து ரிச்சி பிளாக்மோர் வரவழைக்கப்பட்டார். ஆனால் ராட்டினத்தைக் கற்பனை செய்த கர்ட்டிஸ், அது சுற்றத் தொடங்கும் முன்பே இறங்கிப் போய்விட்டார்.

பேஸ் கிதாருக்கு நிக் சிம்ப்பர், பாட ராட் எவன்ஸ், டிரம்ஸுக்கு இயான் பேஸ் என்று ஐந்து பேர் சேர்ந்தார்கள். இடது கைப் பழக்கமுள்ள இந்த இயான் பேஸ்தான் இன்றுவரை நிலைத்திருப்பவர். பிளாக்மோரின் பாட்டிக்கு 'டீப் பர்ப்பிள்' என்று ஒரு பழைய பாட்டு ரொம்பப் பிடிக்கும். அதுவே குழுவின் பெயராயிற்று. காது கிழியும் சத்தத்துக்குப் பேர்போன குழுவுக்குப் பெயர் வந்தது ஒரு பாட்டியம்மாவின் ரசனையிலிருந்து. 'ஹஷ்' என்ற பாடல் 1968லேயே அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று இசைத்தட்டுகள். சொந்த நாடான இங்கிலாந்தில்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1969 நடுவில் நடந்த காரியத்தை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. இன்னும் கனமான இசை வேண்டும், அதற்கு எவன்ஸின் குரல் பொருந்தாது என்று பிளாக்மோரும் லார்டும் முடிவு செய்தார்கள். அது நியாயமான முடிவாகவே இருக்கட்டும். 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவிலிருந்து இயான் கில்லன் என்ற பாடகரையும் ரோஜர் க்ளோவர் என்ற பேஸ் வாசிப்பாளரையும் அழைத்து வந்தார்கள். அதுவும் சரி. ஆனால் எவன்ஸிடமும் சிம்ப்பரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பகலில் லண்டன் ஹேன்வெல் பகுதியிலுள்ள ஒரு சமூகக் கூடத்தில் புதியவர்களோடு ஒத்திகை. இரவில் ஒன்றும் நடக்காததுபோல் பழையவர்களோடு கச்சேரி. புதியவர்களை வைத்து ஒரு பாடலைப் பதிவுகூடச் செய்துவிட்டார்கள். மேடையில் தோளோடு தோள் நின்று வாசித்துக்கொண்டிருந்த இருவருக்கும் விஷயம் கடைசியில்தான் தெரிந்தது.

இதை நியாயப்படுத்துகிறவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: 'அப்படிச் செய்யாவிட்டால் 1970ல் இன் ராக் வந்திருக்குமா?' வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'இன் ராக்', 1971ல் 'ஃபயர்பால்', 1972ல் 'மெஷின் ஹெட்' மூன்றும் இந்த இரண்டாவது அணி தந்தவை. இவற்றுக்கு முன்னால் முதல் மூன்று இசைத்தட்டுகள் ஒத்திகை மாதிரிதான் ஒலிக்கின்றன. ஆனால் ஆளை மாற்றுவது ஒரு விஷயம், ஆளுக்குச் சொல்லாமல் மாற்றுவது வேறொரு விஷயம். சொல்லியிருந்தாலும் அதே இசைத்தட்டுகள்தான் வந்திருக்கும். ஒரு சுரம்கூடக் குறைந்திருக்காது.

இந்த அணியின் ஜான் லார்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசைப்படுகிறேன். என்னைப் போன்ற இயந்திரக்காரனுக்கு அவர்தான் நெருக்கம். அவர் வாசித்தது ஹேமண்ட் சி3 என்ற மின் ஆர்கன். அதற்குள்ளே 91 பல் சக்கரங்கள் ஒரு மோட்டாரால் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே காந்தமும் கம்பிச் சுருளும். சக்கரத்தின் பற்கள் காந்தத்தைக் கடக்கும் வேகம்தான் சுருதி. மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால், 60 சைக்கிளுக்குச் செய்த கருவியை 50 சைக்கிள் மின்சாரத்தில் அப்படியே மாட்டினால் சுருதியே இறங்கிப் போகும். பவர் ஹவுஸ்தான் தம்பூரா என்று சொல்லலாம். மாதா கோவிலில் பதவிசாக ஒலிக்கவேண்டிய அந்தக் கருவியை லார்ட் கிதாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். அது உறுமிற்று. அந்த உறுமலில்தான் பாதி டீப் பர்ப்பிள் இருக்கிறது என்பேன்.

அதே லார்ட், 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கத் தாமே ஒரு முழு நீளப் படைப்பை எழுதினார். மால்கம் ஆர்னால்ட் நடத்துனராக நின்றார். இரண்டு முறை நடத்தியபின், 1970ல் அதன் ஸ்வரத் தாள்கள் மொத்தமும் காணாமல் போய்விட்டன. நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கோ டி ஹூய் என்ற இளம் இசையமைப்பாளர் பழைய ஒலிப்பதிவைக் கேட்டும் படத்தைப் பார்த்தும் தாமாகவே அவ்வளவையும் திரும்ப எழுதி லார்டிடம் கொண்டுவந்து காட்டினார். லார்ட் அதைச் சரிபார்த்து முடிக்க, 1999ல் அதே அரங்கில், இம்முறை லண்டன் சிம்ஃபனி இசைக்குழுவோடு அது மீண்டும் அரங்கேறிற்று. நம்மூரில் கரையான் தின்ற ஏடுகளைத் தேடி அலைந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேற்று நாட்டுக்காரர் ஒருவர் காதால் கேட்டே எழுதி மீட்டார் என்பதை நம்மால் நன்றாகவே ரசிக்க முடியும்.

மறுபடி 1971. 'மெஷின் ஹெட்' பதிவுக்காகச் சுவிட்சர்லாந்தின் மாண்ட்ரூ நகரத்துக்குப் போகிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்குப் பிடித்து, ஏரிக்கரையிலிருந்த கேளிக்கை அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். டிசம்பர் 4ஆம் தேதி அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. பார்வையாளர் கூட்டத்தில் எவரோ கூரையை நோக்கி ஒரு தீப்பொறித் துப்பாக்கியைச் சுட, கட்டடம் முழுவதும் எரிந்து போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஏரியின்மேல் புகை கவிந்து நின்ற காட்சி இவர்கள் கண்ணில் தங்கிவிட்டது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பிறந்தது அப்படித்தான். அதற்கான தலைப்பு பேஸ் வாசிப்பாளர் க்ளோவருக்குத் தூக்கத்திலிருந்து விழிக்கும் நேரத்தில் வாயில் வந்ததாம். இடம் போனபின் வேறோர் அரங்கில் தொடங்கினார்கள். ஊரார் சத்தம் தாங்காமல் போலீசை அழைத்தார்கள். கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதையில் மெத்தைகளை அடுக்கி எதிரொலியை அடக்கிக்கொண்டு பதிவை முடித்தார்கள். பிரேக் டவுன் ஆன இடத்திலேயே கிடைத்ததைக் கொண்டு வண்டியைக் கிளப்புகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

உச்சியில் இருந்தபோதே உள்ளே புகைச்சல். ஓயாத பயணம், உடல்நலக் கேடு, பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் பேச்சுவார்த்தையே அற்றுப் போன நிலை. 1972 டிசம்பரில் கில்லன் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். எப்படிப்பட்ட கடிதம் தெரியுமா? மறு வருஷம் ஜூன் இறுதியில் விலகுகிறேன் என்று ஆறு மாத அவகாசம் கொடுத்து எழுதிய கடிதம்! ஒப்புக்கொண்ட கச்சேரிகளை எல்லாம் பாடி முடித்து, 1973 ஜூன் 29 அன்று ஒசாகா நகர மேடையில் விடைபெற்றார். தலைமுடியை விரித்துப் போட்டுக் கத்தும் பாடகருக்குள் இப்படி ஓர் ஒழுங்கான ஊழியர் இருப்பார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? க்ளோவரையும் மாற்ற வேண்டும் என்பது பிளாக்மோரின் எண்ணம். அது தெரிய வந்ததும் அவரும் சேர்ந்தே போய்விட்டார்.

அடுத்து வந்தவர் டேவிட் கவர்டேல். வட இங்கிலாந்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இளைஞர். கூடவே 'டிரபீஸ்' குழுவிலிருந்து க்ளென் ஹியூஸ். இவர்களோடு 1974ல் வந்த 'பர்ன்' நல்ல இசைத்தட்டு. அதே வருஷக் கடைசியில் வந்த 'ஸ்டார்ம்பிரிங்கர்' இசையின் போக்கு பிடிக்காமல் 1975ல் பிளாக்மோரே வெளியேறி 'ரெயின்போ' என்று தனிக்கடை போட்டார். அவர் இடத்துக்கு டாமி போலின் என்ற அமெரிக்க வாலிபர். அபாரமான கை. ஆனால் போதைப் பழக்கம் அவரை விடவில்லை. 1976 மார்ச்சில் லிவர்பூல் கச்சேரியோடு குழு நின்றுவிட்டது. அந்த டிசம்பரில் போலின் இறந்தார். வயது 25.

இதுவரை நான்கு அணிகள். ரசிகர்கள் இவற்றை மார்க் 1, மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று எண்ணிட்டு அழைக்கிறார்கள். இந்தப் பழக்கம் எனக்கு மிகவும் உவப்பானது. எங்கள் துறையில் டபிள்யூ.டி.எம்.2, டபிள்யூ.டி.எம்.3ஏ என்று சொல்வதுபோல. 2600 குதிரைசக்தி கொண்ட டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினைப் பாட்டியாலா ஒர்க்ஷாப்பில் பிரித்து, 3100 குதிரைசக்திக்கு மாற்றி 3ஏ ஆக்கி அனுப்புவார்கள். எண் அதே எண்தான். ஆனால் எண்ணுக்குப் பின்னால் ஓர் 'ஆர்' எழுத்து சேரும். மறுநிர்மாணம் செய்யப்பட்டது என்று அர்த்தம். பார்ப்பவனுக்கு ஏமாற்று இல்லை. பிஸ்டன் மாறியது, டர்போ மாறியது, டிராக்ஷன் மோட்டார் மாறியது, ஆகவே இது அந்த எஞ்சினே அல்ல என்று எந்த ஃபோர்மேனும் வாதாடி நான் கேட்டதில்லை. ஷெட்டில் அதற்கென்று ஒரு வரலாற்றுப் புத்தகம் இருக்கும். எப்போது எது மாறியது என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் புத்தகம் ஒழுங்காக இருக்கும்வரை எஞ்சின் அதே எஞ்சின்தான்.

புத்தகம் இல்லாமல் பெயரை மட்டும் ஒட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1980ல் ஒரு பாடம் நடந்தது. குழு இல்லாத அந்த இடைக்காலத்தில், அமெரிக்காவில் 'டீப் பர்ப்பிள்' என்ற பெயரில் ஒரு கூட்டம் கிளம்பி மெக்சிகோ, அமெரிக்கா, கனடா என்று கச்சேரி செய்யத் தொடங்கியது. பிளாக்மோர் வருவார், லார்ட் வருவார் என்று நம்பி வந்தவர்கள் ஏமாந்தார்கள். மேடையில் இருந்தவர்களில் உண்மையான குழுவோடு தொடர்புள்ளவர் ஒருவர் மட்டும்தான். அவர் யார் என்று நினைக்கிறீர்கள்? 1969ல் சொல்லாமல் நீக்கப்பட்ட அதே ராட் எவன்ஸ். பெயருக்கு உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 6,72,000 டாலர் நஷ்ட ஈடு என்று தீர்ப்பாயிற்று. தாம் பாடிய முதல் மூன்று இசைத்தட்டுகளின் ராயல்டியும் எவன்ஸின் கையை விட்டுப் போயிற்று. அதன்பின் அவர் பொது வாழ்விலிருந்தே மறைந்து போனார்.

தீர்ப்பு சரி. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனை ஏமாற்றியதற்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். முதல் நாள் இருந்தவர் என்ற தகுதி மட்டும் போதும் என்றால், எவன்ஸின் கூட்டத்துக்கும் பெயரில் பங்கு உண்டு என்றாகிவிடும். 'ஆதி உறுப்பினர்கள் இல்லாவிட்டால் அது டீப் பர்ப்பிளே இல்லை' என்று வாதாடுகிற தூய்மைவாதிகள் இந்த இடத்தில் ஏனோ வாயைத் திறப்பதில்லை. தொடக்கத்தில் இருந்தேன் என்பதால் பெயர் என்னுடையது ஆகாது. இடைவிடாமல் வேலையைச் செய்து வருகிறவனிடம்தான் அது இருக்க முடியும்.

கலைந்திருந்த காலத்தில் இவர்கள் ஒருவர் குழுவில் ஒருவர் போய் வாசித்த கூத்தையும் சொல்லவேண்டும். கவர்டேல் தொடங்கிய 'ஒயிட்ஸ்நேக்' குழுவில் லார்டும் பேஸும். பிளாக்மோரால் வெளியே போன க்ளோவர் பிற்பாடு பிளாக்மோரின் ரெயின்போவிலேயே பேஸ் வாசித்தார்! கில்லன் 1983ல் 'பிளாக் சாபத்' குழுவில் ஓர் இசைத்தட்டுக்குப் பாடினார். ஒரே டிவிஷனுக்குள் ஷெட் மாறுதல் மாதிரிதான். 1984ல் மார்க் 2 ஐவரும் மறுபடி ஒன்றுகூடி 'பர்ஃபெக்ட் ஸ்டிரேஞ்சர்ஸ்' வெளியிட்டபோது, எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். காசெட் வாங்கக் கல்கத்தாவுக்குப் போகிறேன் என்பதை என் மனைவி நம்பவே இல்லை.

அந்த ஒற்றுமையும் நீடிக்கவில்லை. 1989ல் கில்லனை நீக்கி, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரை வைத்து ஓர் இசைத்தட்டு. பிறகு 25ஆம் ஆண்டு நிறைவுக்காகக் கில்லன் திரும்பி வந்தார். 1993 நவம்பர் 17 அன்று ஹெல்சிங்கி கச்சேரியோடு பிளாக்மோர் போனவர் போனவர்தான். கையில் ஜப்பான் பயணம் காத்திருந்தது. ஜோ சாட்ரியானி என்ற அமெரிக்கர் அவசரத்துக்கு வந்து காப்பாற்றினார். 1994ல் ஸ்டீவ் மோர்ஸ் நிரந்தரமாகச் சேர்ந்தார்.

மோர்ஸ் வந்த புதிதில், 1995 ஏப்ரலில், குழு பம்பாய்க்கு வந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கச்சேரியின் படப்பதிவு பின்னர் 'பாம்பே காலிங்' என்ற பெயரில் வெளியாயிற்று. பெயரில் ஒரு குறும்பு இருக்கிறது. இவர்களுடைய புகழ்பெற்ற நீளப் பாட்டான 'சைல்ட் இன் டைம்' இசையின் மூலம், 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' என்ற மெட்டிலிருந்து எடுத்தது. அந்தப் பெயரையே பம்பாயில் எடுத்த படத்துக்கு வைத்தார்கள். படத்தில் மோர்ஸ், இன்னொருவர் வீட்டுக்கு முதல் தடவை சாப்பிட வந்தவர்போல அடக்கமாக நிற்கிறார். வாசிக்கத் தொடங்கியதும் அந்த அடக்கம் கைக்கு மட்டும் இல்லை.

2002ல் லார்ட் ஓய்வு பெற, அதற்கு முன் அவர் முழங்கால் காயத்தில் இருந்தபோது பதிலுக்கு வாசித்த டான் ஏரி நிரந்தரமானார். இந்தக் கைமாற்றம் நடந்த விதத்தை 1969ன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். ரகசிய ஒத்திகை இல்லை, ஒளிவு மறைவு இல்லை. அவர் போவதும் இவர் வருவதும் எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது. லார்ட் 2012 ஜூலை 16ல் காலமானார். மறு ஆண்டு வந்த இசைத்தட்டை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். அதில் ஆர்கன் வாசித்தவர் ஏரி. முன்னவருக்குக் காணிக்கையாகும் இசைத்தட்டில் அவர் நாற்காலியிலேயே அமர்ந்து வாசிப்பது எளிதல்ல.

2016ல் அமெரிக்காவின் ராக் இசைக்கான புகழ்க்கூடத்தில் டீப் பர்ப்பிள் சேர்க்கப்பட்டது. எட்டுப் பேருக்கு மரியாதை: பிளாக்மோர், லார்ட், பேஸ், எவன்ஸ், கில்லன், க்ளோவர், கவர்டேல், ஹியூஸ். முதல் அணியின் எவன்ஸ் உண்டு. அதே அணியில் அதே நாட்களில் அவர் பக்கத்தில் நின்று வாசித்த சிம்ப்பர் இல்லை. 1980 கூத்துக்குத் தண்டனை பெற்றவர் பட்டியலில் இருக்கிறார், எந்தக் கூத்தும் செய்யாதவர் இல்லை! இதற்கு என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. போலின் இல்லை. ஸ்டீவ் மோர்ஸும் இல்லை. பிளாக்மோர் இருமுறையும் சேர்த்து இருந்தது சுமார் பதினேழு வருஷம். மோர்ஸ் அப்போதே இருபத்திரண்டு வருஷம் முடித்திருந்தார். பதவி மூப்பு என்று ஒன்று இருக்கிறதே, ஐயா!

இங்கே நம் சங்கத்தைக் கொஞ்சம் இழுக்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் மெல்லிசைக் குழுவை எண்பதுகளில் தொடங்கிய ஐந்து பேரில் இன்று ஒருவரும் இந்த ஊரில் இல்லை. இப்போது வாசிக்கும் பிள்ளைகள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்று ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்ட மூத்தவர் ஒருவர் கடிதம் எழுதியிருப்பதாகவும், செயற்குழு தயங்குவதாகவும் அறிகிறேன். தயங்க வேண்டாம். பிள்ளைகள் அதே பெயரில் பொங்கல் விழாவில் வாசிக்கட்டும். ஆனால் பின்னால் கட்டும் துணித் தட்டியில் அந்த ஐந்து பேரின் பெயரையும் எழுதவேண்டும். ஒருநாள் திடீரென்று வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தபலாவை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாரே, அவர் பெயரையும் சேர்த்துத்தான். அது யார் என்று பழையவர்களுக்குத் தெரியும்.

மோர்ஸ் போன விதம் தனி. 2022ல் அவர் மனைவிக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. கூட இருந்து கவனிக்கவேண்டும் என்று, இருபத்தெட்டு வருஷம் வகித்த இடத்தை விட்டு விலகினார். முதலில் தற்காலிகமாகத்தான் வட அயர்லாந்தைச் சேர்ந்த சைமன் மெக்பிரைடை அழைத்திருந்தார்கள். பிறகு அவரே நிரந்தரமானார். மோர்ஸின் மனைவி 2024 பிப்ரவரியில் இறந்தார். அரை நூற்றாண்டு ராஜிநாமாக்களில் கோபம் உண்டு, பணம் உண்டு, போதை உண்டு, அகம்பாவம் உண்டு. வெளியூரில் குடித்தனம் நடத்திய நமக்கு இது ஒன்றைத்தான் அகராதி இல்லாமல் புரிந்துகொள்ள முடிகிறது. வீட்டில் உடம்பு சரியில்லை என்று தந்தி வந்ததும் மூட்டையைக் கட்டியவர்கள்தானே நாம்.

மெக்பிரைட் சேர்ந்த பிறகு 2024ல் ஓர் இசைத்தட்டு வந்தது. கணிதச் சமன்பாடு மாதிரி, சமக் குறியும் ஒன்று என்ற எண்ணும்தான் அதன் பெயர். கேட்டேன். கில்லனும் க்ளோவரும் 1945ல் பிறந்தவர்கள், ஏரியும் பேஸும் 1948ல். அந்தக் காலத்து உச்சக் கூவல் கில்லனிடம் இல்லை. அதற்காக அவர் பாசாங்கு செய்யவும் இல்லை, எட்டும் இடத்தில் நின்று பாடுகிறார். 2016ல் லேசான பக்கவாதம் வந்து சில கச்சேரிகளை ரத்து செய்யவேண்டி வந்த பேஸ், இதில் வாசிப்பதைக் கேட்டால் நம்ப முடியாது. மற்றவர்களைவிட முப்பது வயதுக்கு மேல் இளையவரான மெக்பிரைட் அவர்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார். மேட்டில் ஏறும் சரக்கு வண்டிக்குப் பின்னால் பேங்கர் எஞ்சின் கொடுப்பதுபோல.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 'மேட் இன் ஜப்பான்' இசைத்தட்டில் தொடங்கலாம். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நேரடியாகப் பதிவானது. மார்க் 2 என்றால் என்ன என்பது அதில் இருக்கிறது. சத்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள், மோர்ஸ் சேர்ந்தபின் 1996ல் வந்த 'பர்ப்பெண்டிகுலர்' இசைத்தட்டில் 'சம்டைம்ஸ் ஐ ஃபீல் லைக் ஸ்க்ரீமிங்' என்ற பாட்டைக் கேட்கட்டும். தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மெல்லியதுதான். முதல் மூன்று இசைத்தட்டுகளும் என்னிடம் உண்டு. நிக் சிம்ப்பர் என்ன வாசித்தார் என்று யாருக்காவது கேட்க ஆசை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வீட்டுக்கு வரலாம். நாற்காலி இருக்கிறது.